கிளாஸின் ஞானத்தாய்

“பூ இவ்வளவு பெருசா எதுக்குடி நொயெமி? எம்பொண்ணு பேரு எறும்பு மாதிரி கீழ கிடக்கு.”

தொமாசா சித்தி என் சமையலறை மேசைமேல் குனிந்து நின்றாள். அன்று மதியம் அவள் மகள் இட்செலுக்குக் கல்யாணம்.

நான் கையுறை மாட்டிக்கொண்டு, கிளாஸில் ஒட்டிய ஸ்டிக்கரின் வெட்டுகளில் கிரீமைத் தடவிக்கொண்டிருந்தேன். கண்ணாடியையே அரிக்கும் கிரீம். சித்தியின் விரல் பக்கத்தில் வந்தபோது பொறுப்பாக நகர்த்திவிட்டேன்.

எங்கள் புவெப்லா பக்கம் கல்யாணத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு ஞானத்தாய் உண்டு. கேக்குக்கு ஒருத்தி, மோதிரத்துக்கு ஒருத்தி, மண்டியிடும் திண்டுக்குக்கூட ஒருத்தி. பொருளைக் கொடுத்துவிட்டுப் போட்டோவில் பல்லைக் காட்டினால் போதும்.

எனக்குக் கிடைத்த பதவி, கிளாஸின் ஞானத்தாய். பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்தில் ஆப்பிள் மது குடிக்கிற ஜோடிக் கிளாஸ்.

மாப்பிள்ளை ஃபெர்மின். போன வருஷம் எனக்கு நிச்சயமாகியிருந்த அதே ஃபெர்மின். ஊரில் மாப்பிள்ளைப் பஞ்சம் போலிருக்கிறது.

என் கையால் கிளாஸ் கொடுத்தால்தான் ‘நொயெமிக்கு மனதில் ஒன்றுமில்லை’ என்று ஊர் நம்புமாம். சித்தியின் யோசனை. கேக்கை என்னிடம் விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுத்திருந்தால், இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள் என்பார்கள். அழுதது உண்மைதான், போன வருஷமே அழுது தீர்த்தாயிற்று. இப்போது என் பயமெல்லாம் ஒன்றுதான். விருந்தில் ஊரே என் முகத்தைப் பார்க்கும். அது காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

“மாப்பிள்ளை கிளாஸ் எங்க?”

“அது எப்பவோ முடிஞ்சிருச்சு சித்தி.”

கிரீமைக் கழுவி ஸ்டிக்கரை உரித்தேன். டேலியாப் பூ கிளாஸில் முக்கால்வாசியை விழுங்கிக்கொண்டு வெள்ளையாய் மலர்ந்திருந்தது. சித்தி உதட்டைப் பிதுக்கினாள்.

மண்டபத்தில் எல்லாரும் மோலே குழம்பை வழித்துச் சாப்பிட்டு முடித்ததும் வாத்தியங்கள் நின்றன. கிளாஸ்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊர் என் முகத்தைப் பார்த்தது. நான் பல்லைக் காட்டினேன்.

இட்செல் பூவைத் தடவிப் பார்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். பாவம், நல்ல பெண்.

ஃபெர்மின் தன் கிளாஸைத் தூக்கினான். தன் பெயரைப் பார்த்தான். கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் இழுபட்டிருந்தது.

போன வருஷம் அந்தப் பெயரின் ஸ்டிக்கரை ஒட்டிய அன்று அவன் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்ததில் என் கை ஆடிவிட்டது. ஓரத்தில் கிரீம் கசிந்துவிட்டது. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அவன் கண் மெல்ல இட்செலின் கிளாஸுக்குப் போனது.

ஒரு நல்ல ஜோடி வீட்டில் சும்மா கிடக்கும்போது புதிது எதற்கு? ஒரே ஒரு சங்கடம், கண்ணாடியில் அரித்ததை அழிக்க முடியாது. அதைவிடப் பெரியதாய் எதையாவது மேலே அரித்து மூடத்தான் முடியும்.

அந்தப் பூவுக்கு அடியில் யார் பெயர் இருக்கிறது என்று மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

இட்செல் சந்தோஷமாகக் குடித்தாள். ஃபெர்மினுக்குப் புரையேறியது. சித்தி தொண்டைக்குக் காவலான புனித பிளாஸைக் கூப்பிட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் முதுகில் படபடவென்று தட்டினாள்.

யாரோ நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.