கம்பி கட்டினவன்

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் அம்சவேணி.

"பன்னிக்குன்னுதான் கட்டினேன் சார். சிறுத்தை வந்து மாட்டும்னு தெரியாது."

"யாரு கட்டினது?"

"நாந்தான்."

"தரையைப் பாத்துச் சொல்லாத. ரேஞ்சர் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

கிருத்திக் தலையாட்டினான்.

பெற்ற பிள்ளைக்கே குற்றத்தை ஒப்புக்கொள்ளப் பழக்குகிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா என்று கேட்க எஸ்டேட் லைன் வீட்டுச் சுவருக்கு வாய் இல்லை. பக்கத்து வீட்டுத் தபித்தாளுக்கு இருந்தது.

"புருசனைக் காப்பாத்தப் புள்ளையைத் தூக்கிக் குடுக்கற. நல்லா இருப்ப, போ."

கம்பி கட்டினது அம்சவேணியின் புருஷன் சுடலைதான். வீட்டுக்குப் பின்னால் போட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றி விட்டுவைக்கவில்லை. பைக் கிளட்ச் கம்பியில் சுருக்குப் போட்டு வேலியோரம் வைத்தான். மாட்டியது சிறுத்தை. இடுப்பு அறுபட்டு, மத்தியானம் வரைக்கும் அது கத்தின கத்தல் ஓவேலி மலை முழுக்கக் கேட்டது. நாளைக்குள் ஆள் வராவிட்டால் வேலிக்காரனைத் தூக்குவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள் ஃபாரஸ்ட்காரர்கள்.

சுடலை உள்ளே போனால் எஸ்டேட்டில் பேரை வெட்டுவார்கள். பேரை வெட்டினால் வீட்டையும் காலி பண்ண வேண்டும். அவளோ தற்காலிகக் கூலி. மகனுக்குக் கீழே இரண்டு பெண் குழந்தைகள்.

யூனியன் வசந்த்குமார்தான் வழி சொன்னான். "பதினெட்டு ஆகாத பையன்னா ஜெயில் கிடையாதுக்கா. ஹோம்ல கொஞ்ச நாள் வெச்சு அனுப்பிருவாங்க. கேஸும் பின்னால நிக்காது. பட்டாளத்துக்குக்கூடப் போலாம்."

பட்டாளம் என்ற பிறகுதான் அவள் மனசு இறங்கியது. பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து, ஆள் எடுக்கும்போது போகணும் என்று விடிகாலையில் மேடேறி ஓடிக்கொண்டிருக்கிறவன் அவன்.

ரேஞ்ச் ஆபீசில் கிருத்திக் ஒரு சொல் பிசகாமல் சொன்னான்.

"படிச்சவன் பண்ற வேலையாடா இது?" என்றார் ரேஞ்சர். "ஸ்கூல் சர்ட்டிபிகேட்டை எடு."

அம்சவேணி பிளாஸ்டிக் கவரோடு நீட்டினாள். எழுத்துத் தெரியாதவள், அதை என்றைக்கும் பிரித்ததில்லை.

ரேஞ்சர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"மைனர்னு யாரும்மா சொன்னது? பதினெட்டு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

"இல்லீங்கய்யா. மண்ணு சரிஞ்ச வருசம் பொறந்தவனுங்க. கார்த்திகை வந்தாத்தான் பதினேழு."

"பொறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"ஊட்டுலயே பொறந்தவனுங்க. பதியலைங்க."

"அப்ப இதுதான் வயசு. சிறுத்தை கேஸ்மா, மூணு வருஷத்துக்குக் குறையாது."

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஐயா, அது பொய் வயசுங்க. கைப்புள்ளைங்களை விட்டுட்டுப் போற மடுவத்தை எஸ்டேட்ல மூடிட்டாங்க. புள்ளையை எங்க விட்டுட்டு இலை பறிக்கப் போறது? பள்ளிக்கூடத்துல விட்டா ஒரு வேளை சோறாச்சும் திம்பான்னு வயசைக் கூட்டிச் சொன்னேனுங்க. தலை எண்ணிக்கை கொறஞ்சா பள்ளிக்கூடத்தையே மூடிருவாங்கன்னு பெரிய வாத்தியாரும் எழுதிக்கிட்டாரு."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொன்னா யார் கேப்பா?"

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். சுடலை அங்கேதான் நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருக்கும். செருப்பு வாரை இழுத்து இழுத்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தான்.

ஒரு நிமிஷம் காத்திருந்தாள். வார் சரியாகவே இல்லை.

"ஐயா, கம்பி கட்டினது இவனில்லைங்க..."

"நாந்தான் சார்," என்றான் கிருத்திக். ரேஞ்சர் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னான். "அம்மா பயத்துல ஒளறுது. நீங்க எழுதிக்கங்க."

ரேஞ்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

கையெழுத்து வாங்கியாயிற்று. ஜீப்புக்குப் போகும் வழியில் அம்சவேணி மகன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ஃபாரஸ்ட் கார்டு ஷிஜோ பார்க்காத மாதிரி இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"பட்டாளத்துக்கு ஃபாரம் எழுதினது நீதானடா. வயசு என்ன போட்டிருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"நேத்து ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பனாடா?"

"விட்டிருக்க மாட்ட. அதான் சொல்லலை."

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

"நாலு வயசுகூட ஆகாதப்ப, சார் கேட்டா அஞ்சுன்னு சொல்லு, அப்பத்தான் சோறு போடுவாங்கன்னு சொல்லிக் குடுத்த. நீ சொல்லிக் குடுத்ததை நான் என்னைக்கும்மா மாத்திச் சொல்லியிருக்கேன்?"