பக்கவாட்டுல நடந்த நண்டு

காயல்ல தங்கியிருந்த ரோஸ் கலர் பூநாரைங்க இன்னைக்கு ஊருக்குக் கிளம்புதாம்! அதப் பாத்தே ஆகணும்னு ஒரு நாயும் நண்டும் ஆத்தங்கரையோட புறப்பட்டுச்சுங்க. மேடு பள்ளமே இல்லாத பாதை.

"ஏன்டா பக்கவாட்டுல நடக்குற? நேரா வாடா, பறந்துடப் போகுது!"ன்னு நாய் கத்துச்சு.

"எனக்கு இப்படித்தான் மாப்ள வரும். நீ போ."

நாய் பாதைய மட்டும் பாத்து ஒரே ஓட்டமா ஓடுச்சு. போய்ப் பாத்தா காயல் காலி! அழுகையே வந்துடுச்சு அதுக்கு.

சாயங்காலமா நண்டு வந்து சேந்துச்சு. "யப்பா! ஆத்து மேலயே பறந்துச்சுடா! வானமும் ரோஸ், தண்ணியும் ரோஸ்! நீயும் பாத்தல்ல?"



திரும்புறப்ப நாயும் ஆத்தப் பாத்துக்கிட்டே பக்கவாட்டுல நடந்துச்சு. கால் பின்னித் தடால்னு விழுந்துச்சு. விழுந்தது எழுந்திரிக்கவே இல்ல, தண்ணியையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு.

"டேய்... இந்தத் தண்ணிக்குள்ள இவ்ளோ பெரிய வானம் இருக்காடா?"