ஐம்பதுக்குள் வந்தால்

எதிர்வீட்டு டோரீன் தினமும் வில்ஃபின் இசைத்தட்டுக் கடைக்குப் போய் வந்தாள். அவள் வீட்டில் தட்டைப் போட்டுக் கேட்க ஒரு பெட்டிகூடக் கிடையாது. எனக்குச் சந்தேகம் வராதா?

“வில்ஃப் மேல அவ்ளோ ஆசையாடி?” என்று கேட்டேவிட்டேன்.

“போடி வாயாடி! எம் பையன் கீத் பாடின தட்டு. இந்த வார விற்பனைப் பட்டியல்ல முதல் ஐம்பதுக்குள்ள வரலேன்னா கம்பெனி அவனைக் கைகழுவிடும். அப்புறம் சுரங்கம்தான். அவங்கப்பாவை முழுங்கின அதே சுரங்கம்.”

அவள் கட்டிலுக்கடியில் எழுபது தட்டு, எல்லாம் ஒரே பாட்டு.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது. கீத்தின் பெயரே இல்லை. நேரே கடைக்குப் போய் வில்ஃபைப் பிடித்துக்கொண்டேன்.

“எழுபது வித்தியே, கணக்கு அனுப்பலியா மனுஷா?”

“லண்டன்காரங்க பொறுக்கி வெச்ச கடைங்க விக்கிறதைத்தாம்மா பட்டியலுக்கு எண்ணுவாங்க. என் கடை அதுல எப்பவுமே கிடையாது.”

“அவகிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“பாட்டு பிடிச்சுப்போய் வாங்குறான்னு நெனச்சேன்.”

அதற்குள் டோரீனே மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“கம்பெனி இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுக்குதாம்! இருக்கிற தட்டையெல்லாம் எடுங்க வில்ஃப்.”

வில்ஃப் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.