பன்னிரண்டு சலவைத் துக்கம்

மனைவியை இழந்தவர்களுக்கு அந்தத் திருப்பூர் கம்பெனி விடுப்புத் தருவதில்லை. சீருடையில் லோகோவுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பூ தைத்துத் தரும். பூ தெரியும்வரை யாரும் அவர்களை அதட்டக் கூடாது. நீரில் கரையும் நூல் என்பதால் பன்னிரண்டு சலவையில் பூ போய்விடும். துக்கமும் அதோடு முடிந்தது என்பது நிர்வாகத்தின் மேலான கருத்து.

இந்த டிசைனை எம்பிராய்டரி மெஷினுக்குத் தயாரித்துக் கொடுத்தவன் நவிலன். மனைவி மதிவதனி இறந்ததும் தன் சட்டைக்கும் அவனே தயாரித்தான். லோகோவின் நூலையும் பூவின் நூலையும் மட்டும் இடம் மாற்றிவிட்டான்.

பதின்மூன்றாம் சலவைக்குப் பிறகு மேலாளர் ஜெகதீசன் அவன் முன்னால் வந்து நின்றார். அதட்ட முடியாததால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏப்பா, நம்ம லோகோ எங்க?"

"கரைஞ்சு போச்சுங்க."

"பூ அப்படியே இருக்குது! அது எப்பத்தான் போகும்?"

நவிலன் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"சட்டை கிழியோணுமுங்க."