நாலாவது அடி

நெவிலும் நானும் எங்கள் பழைய டிரம் மெஷினை எங்கள் ஊர் ஷெஃபீல்டில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குச் சுமந்து போனோம். குட்டி யானையே தோற்கும் கனம்!

பங்க் இசை அடங்கிய காலத்தில் நெவில் பாடிய 'டேம்ப் ஆர்கேட்' குழுவை எங்கள் ஊரே மறந்துவிட்டது. மறக்காத சிலரும், டிரம்மரே இல்லாத அந்தக் குழுவுக்குத் தாளம் போட்ட இந்த மெஷினைத்தான் கொண்டாடினார்கள். இது கண்காட்சியில் ஏறினால்தான் குழுவின் பெயர் மிஞ்சும்.

பொறுப்பாளர் ரொவீனா மெஷினை ஓடவிட்டாள். பிறகு பழைய இசைத்தட்டைப் போட்டாள். அவள் முகம் சுருங்கியது.

"இது அது இல்லை சார். ரெக்கார்டுல நாலாவது அடி ஒரு துளி பிந்தி விழுது. அந்தத் தயக்கத்துக்குத்தான் ரசிகருங்க உயிரை விடறாங்க. இது கடிகாரம் மாதிரி அடிக்குது. போலி!"

"ஐயோ, இதேதான்மா! எங்களுக்குன்னு மிஞ்சினதே இது ஒண்ணுதான்" என்றான் நெவில்.

"எடுத்துட்டுப் போயிடுங்க."

நெவிலின் கண்ணில் எங்கள் டான் ஆறே பெருகியது. எனக்குப் பொறுக்கவில்லை. மேஜையில் அதே தாளத்தை விரலால் தட்டினேன். நாலாவது அடி ஒரு துளி பிந்தி விழுந்தது.

ரொவீனா பிளந்த வாயில் ஒரு பஸ் நுழைந்திருக்கலாம்.

"இந்தச் சனியனை ஓட்ட எங்க யாருக்கும் தெரியலை கண்ணு. மேடைல திரைக்குப் பின்னாடி உட்கார்ந்தும், ரெக்கார்டுலயும் நான்தான் அடிச்சேன்."

அவள் அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"வெளியே சொல்லிடாதீங்க சார். மெஷினுக்கும் மனசு இருந்துச்சுன்னு நம்பித்தான் கூட்டம் வருது. மனுஷன் அடிச்சான்னா யாருக்கு வேணும்? மெஷினைக் கண்காட்சியில வச்சுடறேன். அந்தத் தயக்கம் பழைய கோளாறு, இப்போ சரியாயிடுச்சுன்னு அட்டையில எழுதிடறேன்."

நெவில் என் பக்கம் திரும்பாமலே, "சரிம்மா" என்றான்.