மஃபினுக்குத் துணை

“நாய் குரைச்சா நான் என்ன பண்ணட்டும் செல்லம்? அதோட வாயைத் தைக்கவா முடியும்?” என்றார் கிளிஃபோர்ட், காலித் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டே.

மார்ஜரி காருக்குப் பின்னால் இழுத்துவந்த கேரவன் வீட்டுக்குள் இருந்த சின்னக் கண்ணாடி முன் நின்று உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இன்று அவர்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள்.

யார்க்‌ஷயரிலிருந்து பதினான்கு கேரவன்கள், பதினான்கு தம்பதிகள், பதினான்கு நாய்கள். கூட்டமாக இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் பிரான்சுக்கு வந்து, ஒரு முகாமில் தங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. காலையில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் ஊர் சுற்றக் கிளம்பும். பஸ்ஸில் நாய் ஏறக் கூடாது. முகாமில் விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் குரைக்கிற நாயாக இருந்தால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும். வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள்.

பதின்மூன்று நாய்கள் சமர்த்தாகத் தூங்கின. மார்ஜரியின் மஃபின் மட்டும் மானத்தை வாங்கியது.

வீட்டில் அது வாயே திறக்காது. தபால்காரரைப் பார்த்தால்கூட வாலைத்தான் ஆட்டும். பிரான்சுக்கு வந்ததும் அதற்கு என்ன வந்தது என்று மார்ஜரிக்குப் புரியவே இல்லை. வெளிநாட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ.

கிளிஃபோர்டைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் நியாயமாகச் சோதித்துத்தான் பார்த்தார். மார்ஜரியை முன்னால் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, கேரவனுக்குப் பின்னால் வேலியோரம் காது கொடுத்து நிற்பார். பத்து நிமிடம் சத்தமில்லை என்றால் அவரும் வந்து ஏறிக்கொள்ளலாம். ஐந்தாவது நிமிடமே குரைப்பு கேட்டுவிடும். அவர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, நீ போ என்று சோகமாகக் கையை ஆட்டுவார்.

கோட்டை, தேவாலயம், சந்தை, திராட்சைத் தோட்டம் என்று எல்லாவற்றையும் மார்ஜரி தனியாகவே பார்த்து முடித்தாள். எதிர் நாற்காலியில் கைப்பையை உட்கார வைத்துச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இன்று ஒரு நாளாவது அந்த நாற்காலியில் கணவர் உட்கார வேண்டும். அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

“இன்னிக்கு வேணும்னா நான் இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்லிப் பார்த்தாள்.

“சேச்சே. கல்யாண நாள் அதுவுமா பொண்டாட்டியை நாய்க்குக் காவல் வெச்சுட்டு நான் போய் விருந்துல வாத்துக்கறி தின்னா, ஊர் என்ன பேசும்?”

“அப்போ ரெண்டு பேரும் போவோம்.”

“போவோம்னுதான் நானும் நினைக்கறேன். அது விடணுமே. இன்னிக்கு டெஸ்ட் மேட்ச் கடைசி நாள். அதைக்கூட நிம்மதியா ரேடியோல கேட்க விடாது பாரு, சனியன்.” அவர் பெருமூச்சு விட்டார். “நீ திரையை இழுத்துவிட்டுக் கதவைப் பூட்டிட்டுப் போ. நான் குழாயடியில கேனை வெச்சுட்டு, வழக்கம் போல வேலிக்குப் பின்னாடி நிக்கறேன். சத்தம் வரலேன்னா ஓடி வந்துடறேன்.”

“சத்தியமா?”

“நாற்பது வருஷத்துல உன்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?”

மார்ஜரி சிரித்துவிட்டாள். அவர் குழாயடிப் பக்கம் போனதும், திரையை இழுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். இன்று அவர் கட்டாயம் வருவார் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது.

பிரம்புக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓர இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டாள். கூட்டத்தின் தலைவி ஆட்ரி, கையில் பெயர்ப் பட்டியலோடு வந்து நின்றாள்.

“வராரா மாப்பிள்ளை?”

“வருவார்.”

“விடுதியில கேக்குக்குச் சொல்லியாச்சு. அவர் வரலேன்னா நாங்களே வெட்டிடுவோம்.” ஆட்ரி குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒண்ணு மார்ஜரி, நீங்க கொடுத்து வெச்சவங்க. ஒரு நாய்க்காகப் பன்னிரண்டு நாள் ஊர் பார்க்காம உட்கார எந்த மனுஷனுக்கு மனசு வரும்? என் வீட்டுக்காரர் என்னையே பெட்ரோல் பங்க்ல விட்டுட்டுக் கிளம்பினவர்.”

பின் இருக்கைகளில் சிரிப்பு எழுந்தது. மார்ஜரியும் சிரித்தாள். மூன்று நிமிடம் ஆயிற்று. நான்கு ஆயிற்று. முகாம் அமைதியாக இருந்தது.

ஐந்தாவது நிமிடம், வரிசையின் கோடியில் இருந்த கேரவன் பக்கமிருந்து குரைப்பு கிளம்பியது.

பஸ் முழுக்க ‘அடடா’ என்றது. வேலிக்கு மேல் கிளிஃபோர்டின் தலை எழுந்தது. உதட்டைப் பிதுக்கி, கையை விரித்து, நீ போ என்று காட்டிவிட்டு மறுபடி கீழே போனது.

“மனசை விட்டுடாதீங்க” என்று ஆட்ரி அவள் தோளைத் தட்டினாள். “அவருக்கு ஒரு துண்டு கேக்கு எடுத்துட்டு வருவோம். நாற்பதாவது கல்யாண நாளும் அதுவுமா இந்த நாய் இப்படிப் பண்ணியிருக்க வேண்டாம்.”

டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார். வேலிப் பக்கம் இன்னொரு முறை குரைப்பு கேட்டது. இந்த முறை முடிவில் ஒரு சின்ன ஊளையும் சேர்ந்திருந்தது.

“வண்டியை எடுக்காதீங்க” என்றாள் மார்ஜரி. அவள் முகம் சிவந்திருந்தது. மடியிலிருந்த பிரம்புக் கூடையின் மூடியைத் திறந்தாள்.

சாப்பாட்டு விடுதிக்கு நேற்றே போன் செய்து நாய் வரலாமா என்று கேட்டு, கணவர் இன்றாவது கவலையில்லாமல் வரட்டும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதியை மீறி அவள் பஸ்ஸுக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த மஃபின், கூடையிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு தலையை நீட்டி, குரைப்பு வந்த பக்கம் வியப்பாகப் பார்த்தது.

“ரெண்டு நிமிஷம் பொறுங்க. என் வீட்டுக்காரர் குரைச்சு முடிச்சதும் வந்துடுவார்” என்றாள் மார்ஜரி.