மெல்றோய்க்கு ஒரு பற்றுச்சீட்டு

“ஆளைக் கொண்டு போங்க சேர், நான் மறிக்கல்ல. ஆனா துண்டு தந்திட்டுக் கொண்டு போங்க” என்றாள் ஓட்றி.

மெல்றோய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் பொலிஸ் ஜீப் நிற்கிறது. கட்டிய மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சார்ஜன்ட் வந்த கையோடு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள், இப்போது புருஷனுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்கிறாள்.

மெல்றோய் தச்சு வேலைக்காரன். கலியாண வீடுகளில் பைலாப் பாட்டும் பாடுவான். போன சனிக்கிழமை வாழைச்சேனையில் பாடும்போது, ஊரெல்லாம் இருட்டில் கிடக்க மந்திரி வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றுகிறது என்று இரண்டு வரி சேர்த்துவிட்டான். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பேஸ்புக்கில் போட்டுத் தொலைத்தான்.

நாட்டிலோ அவசரகாலச் சட்டம். பெயரில்தான் அவசரம். பிடித்த ஆளை நீதவானிடம் கொண்டுபோகவும் அவசரமில்லை, வக்கீலைப் பார்க்க விடவும் அவசரமில்லை. பக்கத்துத் தெரு வெய்னை எட்டு நாளுக்கு முன் ஏற்றிப் போனார்கள். இன்னும் எங்கே இருக்கிறான் என்று அவன் பெண்சாதிக்கே தெரியாது.

“துண்டெல்லாம் பிறகு ஸ்டேஷனில தருவம்” என்றார் சார்ஜன்ட் வினாயகமூர்த்தி.

“பிறகு இவரைக் கண்டதே இல்லையெண்டு சொன்னா நான் ஆரிட்டப் போய்க் கேட்கிற? எழுதுங்க சேர். பேர் மெல்றோய். வயது நாற்பத்தாறு. மெல்றோய், வாயத் திறங்க.”

மெல்றோய் திறந்தான்.

“பல்லு முப்பத்தொண்டு. கடவாய்ப் பல்லு ஒண்டு முந்தியே போயிட்டு. கை நகம் பத்தும் இருக்கு. குறட்டை விடுவார், அதையும் போடுங்க. பிறகு அதுக்கும் சேர்த்து அடிக்கப்படாது.”

“இதென்ன நோனா, சந்தையில மாடா பார்க்கிறீங்க?”

“மாடெண்டா திரும்பி வந்திரும் சேர்.”

சார்ஜன்ட் தலையைச் சொறிந்தார். இந்தப் பெண்பிள்ளையிடமிருந்து தப்பினால் போதும் என்று அவள் நீட்டிய கடதாசியை வாங்கினார்.

“எந்தச் சட்டத்தில பிடிக்கிறீங்க எண்டும் போடுங்க. இண்டைய திகதி, நேரம் எல்லாம்.”

“அவசரகாலச் சட்டம்... காலமை ஒன்பதரை...” என்று முணுமுணுத்தபடி எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்.

ஓட்றி அதை இரண்டு தரம் வாசித்தாள். போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள். முகத்தில் அப்படியொரு திருப்தி.

மெல்றோய் அந்த முகத்தையே பார்த்தான். பத்தொன்பது வருசம் இவளோடு குடும்பம் நடத்திக் கண்ட மிச்சம் இதுதானா? “நான் போறது உனக்கு அவ்வளவு சந்தோசமா, ஓட்றி?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

“கொஞ்சம் பேசாம இருங்க” என்றவள், சார்ஜன்ட் பக்கம் திரும்பினாள்.

“துண்டு வக்கீலுக்குப் போயிட்டு சேர். விடியச் செய்தி கேட்கல்லயா நீங்க? அவசரகாலச் சட்டத்தை நேற்று இரவு பன்னிரண்டு மணியோட எடுத்தாச்சு. இல்லாத சட்டத்தில ஆள் பிடிச்சதா உங்கட கையாலேயே எழுதித் தந்திருக்கீங்க. இப்ப ஜீப்பில ஆர் ஏறுற எண்டு நீங்களே சொல்லுங்க.”